கடல் கடந்து வந்த கணித ஆசான்

அந்நிய மொழியிற் கற்கும் தம் பிள்ளைகள் கரைசேர்வார்களா என்னும் கவலை, புலம்பெயர்ந்த பெற்றோர் பலரின் நெஞ்சை அரித்துக்கொண்டிருக்கின்றது. ஆசிரியப் பணியில் நெடுங்காலம் இருந்த நாம், அவர்களுக்கு ஒரு பேராசிரியரின் வரலாற்றைச் சொல்ல விழைகின்றோம்.

சார்ள்ஸ் ரசீன் அடிகளார் 1897 இல் பிறந்த பிரெஞ்சுக்காரர். யேசு சபைத் துறவி. புகழ்பெற்ற கணித மேதை எலீ கார்த்தானிடம் பயின்று, 1934 இல் பாரிசிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பாரிசிலேயே பெயரும் பதவியும் தேடியிருக்கலாம். அவரோ 1937 இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். முதலில் திருச்சிராப்பள்ளியிலும், பின்னர் சென்னை இலயோலா கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார்.

அக்காலச் சென்னையிற் கணிதக் கல்வி பழைய ஆங்கிலப் பாடத்திட்டத்தையும் பரீட்சையையுமே சுற்றிச் சுழன்றது. பிரான்சிலே மலர்ந்துகொண்டிருந்த புதிய கணிதத்தை அடிகளார் நன்கறிவார். அதன் நூல்களையும் கருத்துக்களையும் மாணவர்க்கு அறிமுகம் செய்தார். திறமையுள்ளோரை ஆராய்ச்சியின்பால் திருப்பிவிட்டார்.

அவரிடம் பயின்ற எம். எஸ். நரசிம்மன், வட ஆர்க்காட்டுத் தண்டரைக் கிராமத்து உழவர் குடும்பத்துப் பிள்ளை. அவரும் சி. எஸ். சேஷாத்திரியும் 1953 இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திற் சேர்ந்தனர். அட்சரகணித வடிவியலுக்கும் இடத்தியலுக்கும் பாலமிட்ட அவர்களது தேற்றம் 1965 இல் வெளிவந்து, இருவர் பெயராலும் உலகெங்கும் வழங்குகின்றது. இராகவன் நரசிம்மனும் சி. பி. இராமானுஜமும் அடிகளாரின் மாணாக்கரே.

இங்கு நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. அடிகளாரின் தாய்மொழி பிரெஞ்சு; மாணவரின் தாய்மொழி தமிழ்; வகுப்பு நடந்ததோ ஆங்கிலத்தில். கற்பித்தவருக்கும் கற்றவருக்கும் அது இரவல் மொழியே. ஆயினும் அறிவு கைமாறியது.

அவர் விரும்பி வந்தவர்; நாமோ விரட்டப்பட்டு வந்தவர்கள். இவ்வேறுபாட்டை நாம் மறக்கவில்லை. ஆனால், 1976 இல் அவர் மறைந்தபோது விட்டுச்சென்ற செல்வம், தம்மை விஞ்சிய மாணவர்களே. அத்தகைய ஆசிரியர் எந்நாட்டிலும் எவ்வினத்திலும் இருப்பர்.

ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளையின் ஆசிரியரை ஒருமுறையேனும் நேரிற் காணுங்கள். மொழி தடுமாறினும் கூச்சப்படாதீர்கள். எத்தனை புள்ளி என்பதோடு நின்றுவிடாது, பிள்ளையின் மனம் எதிலே ஒன்றுகின்றது என்றும் கேளுங்கள். வழிகாட்டும் கை அங்கேயே இருக்கக்கூடும்.