எடைமிகு லென்ஸா, எடைகுறை லென்ஸா?

வனவிலங்குகளைப் படமெடுக்கும் ஆர்வம் கொண்ட நம் வாடிக்கையாளர்கள் பலருக்கும் டெலிஃபோட்டோ லென்ஸ் என்பது பெருஞ்செலவு. வாங்குமுன் அதன் எடையையும் பயனையும் சீர்தூக்கிப் பார்த்தல் நலம்.

நிக்கான் நிறுவனத்தின் இரு லென்ஸ்களை ஒப்பிடுவோம். இரண்டின் குவியத்தூரமும் 500 மி.மீ. எஃப் 4 வகையின் எடை 3,090 கிராம். 2018இல் வெளிவந்த எஃப் 5.6 வகையின் எடை 1,460 கிராம் மட்டுமே. ஆயினும் முன்னது இரு மடங்கு ஒளியை உள்வாங்கும். பின்னதில் 1/250 நொடி வேகமே கிட்டும் மங்கிய வெளிச்சத்தில், முன்னதில் 1/500 நொடி கிட்டும். நடந்து செல்லும் புலியின் உருவம் கலங்காமல் பதிய இவ்வேறுபாடு உதவும்.

எனவே, செல்லும் இடமே தேர்வைத் தீர்மானிக்க வேண்டும். ரந்தம்பூரில் திறந்த ஜீப்பில் அமர்ந்தே புலியைக் காண்கிறோம். விளிம்பில் தானியம் நிரப்பிய பையை வைத்து, அதன்மேல் லென்ஸைத் தாங்கவிடலாம், எடை சுமையாகாது. பரத்பூர் பறவைகள் சரணாலயத்திலோ நடந்தும் மிதிவண்டியிலும் சுற்றுகிறோம். திடீரெனப் பறந்தெழும் கொக்கைத் தொடர, கையிலேந்தும் இலகுவான லென்ஸே ஏற்றது. விமானப் பயணத்திலும் அதுவே வசதி.

ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே கானகம் செல்வோர், முதலில் இரண்டையும் வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்திப் பார்க்கலாம். வாங்க முடிவுசெய்தால், சேமிப்பிலிருந்து வாங்குவதும் காப்பீடு செய்துகொள்வதும் அறிவுடைமை. பொழுதுபோக்கு, மாதத் தவணைச் சுமையாக மாறிவிடலாகாது.