ஆய்வுக்கூடத்தில் தேங்காய் எண்ணெயும் வெல்லமும்

நோயாளியின் உடலிலிருந்து மருத்துவர் அறுத்தெடுத்த சிறு தசைத்துண்டு புற்றுநோய் கொண்டதா, அன்றா என்பதை வெறுங் கண்ணால் கூற இயலாது. அது மருத்துவமனையின் திசு ஆய்வுக்கூடத்துக்குச் செல்கிறது. அங்கு நடைபெறும் பணியை அறிந்தால் நம் உறுப்பினர்கள் வியப்படைவர். ஏனெனில், அதில் ஒரு பகுதி சாயத் தொழிலேயாகும்.

முதலில் திசு அழுகாதபடி அதனை ஃபார்மலின் கரைசலில் ஊறவைக்கின்றனர். பின்னர் ஆல்கஹாலில் இட்டு நீரை அகற்றுகின்றனர். அடுத்து, சைலீன் என்னும் திரவத்தால் ஆல்கஹாலைப் போக்கி, உருக்கிய மெழுகு உட்புக வழி செய்கின்றனர். மெழுகில் பதிந்த திசுவை, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 200இல் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, மெழுகை நீக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் காண்கின்றனர்.

ஃபார்மலினை இப்பணிக்கு 1893ஆம் ஆண்டில் கொணர்ந்தவர் ஜெர்மானியரான ஃபெர்டினாண்ட் புளூம். அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004ஆம் ஆண்டில் முடிவு செய்தது. சைலீன் ஆவியோ தலைவலியும் மயக்கமும் தரும். திரவம் பட்டால் தோல் வறண்டு வெடிக்கும். பிறர் நோயைக் கண்டறிய உழைப்பவர், தாமே நோய்க்கு அஞ்சி உழைக்க நேர்வது எத்துணை வருந்தத்தக்கது!

இதற்கு மாற்றுத் தேடிய இந்திய ஆய்வாளர் சிலர் தோட்டத்தையும் வயலையும் நாடினர். சைலீனுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயைப் பயன்படுத்திப் பார்த்தனர். திசு தெளிவாகவே அமைந்தது, சுருக்கமும் குறைவாயிருந்தது. எனினும், ஏறத்தாழ 25 பாகை வெப்பத்துக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். ஆதலின் அதனை இளஞ்சூட்டில் வைத்தல் வேண்டும். காலமும் சற்றுக் கூடுதலாகும்.

ஃபார்மலினுக்குப் பதிலாக வெல்லக் கரைசலையும் தேன் கரைசலையும் சோதித்தனர். கனிகளைத் தேனில் இட்டுக் காப்பது நம் இல்லங்கள் அறிந்த முறையன்றோ? சோதனைகளில் திசு நன்கு காக்கப்பட்டது. ஆயினும், வெல்லக் கரைசல் நாள்பட்டால் புளிக்கும், பூஞ்சையும் பிடிக்கும். இக்குறையை நீக்கும் வழியும் காணப்படல் வேண்டும்.

இனி, நெசவாளருக்குரிய செய்தி. இன்றும் உலகெங்கும் திசுக்களுக்கு ஏற்றப்படும் ஹெமட்டாக்சிலின் என்னும் சாயம், மெக்சிகோ நாட்டின் காம்பெச்சே பகுதிக்குரிய ஒரு மரத்தின் வயிரத்திலிருந்து கிடைப்பது. ஐரோப்பியச் சாயக்காரர் அம்மரத்தைக் கொண்டே துணிகளுக்குக் கறுப்பு ஏற்றி வந்தனர். 1863ஆம் ஆண்டில் வால்டயர் என்னும் அறிஞர் அதனைத் திசுவில் இட்டபோது நிறம் செவ்வனே பற்றவில்லை. 1865இல் போமர் என்பவர் படிகாரம் சேர்த்தார், நிறம் ஊன்றியது! சாயவேரின் சிவப்பைப் படிகாரத்தால் பருத்தியில் நிறுத்திய நம் முன்னோருக்கு இது புதிதன்று. பின்னாளில் அறிஞர்கள் இரும்பு உப்புகளையும் சேர்த்தனர்; அன்னபேதியிட்டுக் கறுப்பு ஏற்றும் சாயக்காரரின் முறையும் அதுவே.

இம்மாற்றுப் பொருள்கள் யாவும் உடனே ஏற்கப்படும் என்று கொள்ளலாகாது. ஒரு நோயாளியின் உயிர் அந்தக் கண்ணாடித் தகட்டைச் சார்ந்துள்ளது. சாயம் மங்கினாலோ, திசு கெட்டாலோ, நோய் கண்ணுக்குத் தப்பிவிடும். எனவே ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் பழைய முறையோடு ஒப்பிட்டு, நன்கு சோதித்த பின்னரே மாறுதல் முறையாகும்.

நம் விளைபொருளுக்குப் பெருஞ்சந்தை பிறந்துவிட்டது என்றும் எண்ண வேண்டா. ஆய்வுக்கூடத்துக்கு வேண்டுவது சிறிதளவே. ஆனால் அச்சிறிதளவும் தூயதாயிருத்தல் வேண்டும். வேற்றெண்ணெய் கலந்த தேங்காய் எண்ணெயும், இரசாயனத்தால் வெளுத்த வெல்லமும் அங்குப் பயன்படா. கலப்படமற்ற பொருளை அளிப்பது நம் சங்கங்களின் கடமை.

மற்றொன்றும் இதிலிருந்து நாம் கற்கலாம். தொழிலாளி சுவாசிக்கும் காற்றையும் பணியின் செலவில் ஒன்றாகக் கணக்கிட அவ்வாய்வாளர்கள் முற்பட்டனர். நம் சாயப்பட்டறைகளிலும் அக்கணக்கைத் தொடங்குவோமாக.