நமக்குள் இருக்கும் நியாண்டர்தால்

கோவை உக்கடம் பெரியகுளக் கரையில் எதிரே வருபவர்களில் பலர், சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முன் நியாண்டர்தால் என்ற அழிந்துபோன மனித இனத்திடமிருந்து வந்த ஒரு மரபணுத் துண்டைச் சுமந்திருக்கக்கூடும். 3-ஆம் குரோமோசோமில் உள்ள, கொரோனாவைக் கடுமையாக்கும் அந்தத் துண்டு நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது என்று மரபியல் ஆய்வாளர்கள் ஹியூகோ ஸெபெர்க், ஸ்வாந்தே பாபோ இருவரும் 2020-இல் கண்டறிந்தனர். தெற்காசியாவில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் அது இருக்கிறது. ஐரோப்பாவில் 16 சதவீதத்தினரிடம்தான். நியாண்டர்தால்கள் தந்த இன்னொரு துண்டு, 12-ஆம் குரோமோசோமில், அதே நோய் கடுமையாவதிலிருந்து ஓரளவு காக்கிறது.

இந்தியாவில் அவர்களின் எலும்பு இதுவரை கிடைக்கவில்லை. ஆனால் ஈராக்கின் ஷானிதார் குகையில் எலும்புகளாகக் கிடைத்த ஒரு நியாண்டர்தால், வலது முன்கையை இழந்தும் பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். கூட்டத்தார் கைவிட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பது கடினம்.

சிறு சிறு கூட்டங்கள், நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம், மாறிய தட்பவெப்பம், புதிதாக வந்த நம் முன்னோர் எனப் பலவும் சேர்ந்தே சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் அவர்களை இல்லாமல் ஆக்கின என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.