அன்னைக்கு ஒரு முக்காலி
மரச்சாமான்களை வீட்டிலேயே செய்யத் தொடங்குவோர்க்கு

எங்கள் அன்னையார் நாற்பத்தைந்து ஆண்டுகள் தரையில் அமர்ந்து இராட்டையில் தார் சுற்றியவர். அறுபது வயதைக் கடந்தபின் அவருடைய முழங்கால்கள் மடங்க மறுத்தன. உட்கார்ந்தால் எழுவதற்கு ஒருவர் கை கொடுக்க வேண்டும். எழுந்தால் மீண்டும் உட்கார அஞ்சுவார். கடையில் வாங்கி வந்த நெகிழி நாற்காலியில் அமர்ந்தாலோ அவருடைய பாதங்கள் தரையில் முழுதும் பதியவில்லை. குனிந்து இராட்டையைத் தொட்டால் முதுகு வலித்தது. விற்பனைக்குச் செய்யப்படும் நாற்காலிகள் பெரும்பாலும் 17 அல்லது 18 அங்குல உயரம் உடையவை. ஐந்தடிக்கும் குறைந்த ஒரு மூதாட்டிக்கு அந்த உயரம் பொருந்துவதில்லை. ஆகையால் வீட்டிலேயே ஒரு முக்காலி செய்துவிடுவதென்று துணிந்தேன். அதுவரை தச்சு வேலையில் எனக்கு இருந்த பழக்கமெல்லாம், தறியில் கழன்ற ஆப்பை அடித்து இறுக்கியது ஒன்றே.

முக்காலி என்று பெயர் சொன்னாலும் நான் செய்ய நினைத்ததற்குக் கால்கள் நான்கு. மூன்று கால்கள் உள்ளது மேடு பள்ளமான தரையிலும் ஆடாது நிற்கும்; பால் கறப்போர் அதனை விரும்புவதன் காரணமும் இதுவே. ஆயினும் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும் முதியோர்க்கு அது ஏற்றதன்று, கவிழ்ந்துவிடும்.

ஐப்பசிப் புயலில் கொல்லையில் நின்ற வேம்பு ஒன்று சாய்ந்தது. கார்த்திகையில் அதனை மரம் அறுக்கும் ஆலைக்குக் கொண்டு சென்று, ஓர் அங்குலப் பலகைகளாகவும் இரண்டு அங்குலச் சதுரக் கட்டைகளாகவும் அறுத்து வந்தோம். மார்கழியிலேயே முக்காலி ஆயத்தமாகிவிட்டது. கால்கள் அசையவில்லை, பலகை கண்ணாடி போல் இருந்தது. தைப் பொங்கலுக்கு வந்த உறவினர் அனைவரும் அதில் ஒருமுறை அமர்ந்து பார்த்தனர். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பங்குனி வெயில் தொடங்கியதும் பலகையில் நீளவாக்கில் ஒரு வெடிப்புக் கண்டது. அதனைப் பொருட்படுத்தாமல் மெழுகு வைத்து அடைத்தேன். பத்து நாளில் ஒரு கால் துளையினின்று கழன்று, அன்னையார் பக்கவாட்டில் இராட்டையின் மேல் சாய்ந்துவிட்டார். மணிக்கட்டுப் பிசகிப் பதினைந்து நாள்கள் தார் சுற்ற இயலவில்லை. அந்நாள்களில் தறியும் பாதி நேரம் நின்றது. அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அதன்பின் அந்த முக்காலியின் அருகே செல்லவும் இல்லை.

எங்கள் தெருவில் உள்ள முதிய தச்சர் ஒருவரிடம் அதனைத் தூக்கிச் சென்று காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "தம்பி, வேலையில் குற்றம் அதிகமில்லை. மரம் இன்னும் தண்ணீர் குடித்திருக்கும்போதே கூட்டிவிட்டாய்" என்றார். "மார்கழியில் நன்றாகத்தானே இருந்தது, ஐயா?" என்று கேட்டேன். "அதுதான் ஏமாற்று. மூன்று மாதம் நல்ல பிள்ளையாக இருக்கும்" என்று சிரித்தார்.

இந்த ஏமாற்றத்தின் காரணத்தை அன்பர்கள் அறிந்துகொள்வது அவசியம். தொடங்குவோரின் முயற்சிகள் பல இவ்விடத்திலேயே வீணாகின்றன. புதிதாக வெட்டிய மரத்தில் நீர் இரு வகையாக உள்ளது. மர நார்களின் உட்குழிவுகளில் நிற்பது ஒன்று. நாரின் சுவரிலேயே ஊறிக் கிடப்பது மற்றொன்று. முதலில் வெளியேறுவது குழிவுகளில் நிற்கும் நீரே. அது போகும்போது மரம் இளைப்பதில்லை. எடை மட்டுமே குறையும். உலர்ந்த மரத்தின் எடையில் சுமார் 30 விழுக்காடு என்னும் அளவுக்கு நீர் குறைந்த பின்னரே சுவர்களில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்குகிறது. சுருக்கமும் அப்போதுதான் தொடங்குகிறது. நம் வீடுகளில் புழங்கும் மரம் 12 விழுக்காட்டை ஒட்டியே நிலைபெறும். ஆகவே 30லிருந்து 12க்கு இறங்கும் வழியில்தான் வெடிப்பும் கோணலும் தளர்ச்சியும் நேர்கின்றன. என் முக்காலி இந்த வழியில் பாதியைக் கடக்குமுன் அன்னையார் அதில் அமர்ந்துவிட்டார்.

மற்றொன்றும் உண்டு. மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. நீளத்தில் சுருக்கம் இல்லையென்றே சொல்லலாம். அகலத்தில் சுருங்கும், அதிலும் வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. நன்கு உலர்ந்த பிறகும், கோடைக்கும் மழைக்கும் இடையே பன்னிரண்டு அங்குல அகலப் பலகை ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு வரை கூடிக் குறையலாம். நான் அப்பலகையை நான்கு புறமும் ஆணியடித்துப் பசையும் பூசிச் சட்டத்தோடு பிணைத்திருந்தேன். சுருங்க வழியின்றி அது வெடித்தது. கழுந்துகளும் அவ்வாறே சுருங்கித் தத்தம் துளைகளுக்குள் தளர்ந்தன.

நூலோடு வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று. முற்றும் உலர்ந்த பருத்தி நூல் நூறு கிலோ, வாணிக வழக்கில் நூற்றெட்டரைக் கிலோவாகக் கணக்கிடப்படுகிறது. அந்த எட்டரை, நூல் காற்றிலிருந்து ஏற்கும் ஈரம். மழைக்காலத்தில் தறி மரங்கள் உப்பி இறுகுவதையும் நாள்தோறும் காண்கிறோம். இவ்வளவும் தெரிந்திருந்த நான் முக்காலிக்கு மட்டும் இதனை எண்ணிப் பார்க்கவில்லை.

உலர்த்தும் முறை எளிது, பொறுமையே அரிது. பலகைகளை நிழலும் காற்றும் உள்ள இடத்தில், தரையிலிருந்து ஓரடி உயர்த்தி அடுக்க வேண்டும். அடுக்குக்கு அடுக்கு, ஒரே கனமுள்ள சிறு குச்சிகளைக் குறுக்கே வைத்து இடைவெளி விடுதல் வேண்டும். குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று நேராக நிற்காவிடில் பலகை வளைந்துவிடும். மேலே கனமான கற்களை ஏற்றலாம். பலகையின் இரு முனைகளிலும் பழைய வண்ணமோ மெழுகோ பூசிவிடுதல் நலம். முனை வழியாக ஈரம் மிக விரைவில் வெளியேறுவதால் அங்கேதான் வெடிப்புத் தொடங்கும். வெயிலில் பரப்பி அவசரப்படுத்துவது கூடாது.

எப்போது உலர்ந்தது என்று அறிவதற்குத் தராசே போதும். நூல் நிறுக்கும் தராசு நம் வீடுகளில் உள்ளது. முதல் முயற்சியில் மிஞ்சி, கொல்லையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த பலகைகளைச் சித்திரையில் முறையாக அடுக்கினேன். ஒரு பலகையில் அடையாளம் இட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை நிறுத்து, எடையைப் பலகையின் மேலேயே எழுதி வந்தேன். முதல் நாள் 3 கிலோ. புரட்டாசியில் அடுத்தடுத்து இருமுறை 2 கிலோ 400 கிராம் என்றே நின்றது. ஐப்பசி மழையில் 40 கிராம் கூடியது கண்டு திகைத்தேன். பின்னர் அது காற்றின் ஈரம் என்று தெளிந்தேன். இரண்டு அங்குலக் கட்டைகள் உலர இன்னும் நாளாயிற்று. தை மாதத்தில்தான் உளியைக் கையில் எடுத்தேன்.

இவ்வளவு காத்திருக்க விரும்பாதவர்கள், பழைய கதவு, கட்டில், நிலைச்சட்டம் விற்கும் மரவாடியில் தேடலாம். பல ஆண்டுகள் உலர்ந்த மரம் அங்கே மலிவாகக் கிடைக்கும். உள்ளே ஒளிந்திருக்கும் ஆணிகளைக் காந்தத்தால் தடவிக் கண்டுபிடித்து நீக்காவிடில் இழைப்புளியின் அலகு போய்விடும். தோப்பு வைத்திருப்போர் மாமரத்தைப் பயன்படுத்துவதுண்டு. அதன் வெண்மையான புறமரத்தில் மாவுச்சத்து மிகுதி. வண்டு விழுந்து மாவாக உதிரும். போராக்சும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைத்து உலர்த்தினால் காக்கலாம். தேக்கு, ஈட்டி போன்றவற்றைச் சொந்த நிலத்தில் வெட்டுவதாயினும் முன்னதாக வனத்துறையினரைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

இனி அளவு. கடை நாற்காலியை அளந்து அதைப் போல் செய்வது பிழை. அமர்பவர் தரையில் பாதம் பதித்து உட்கார்ந்திருக்கையில் முழங்காலின் பின்மடிப்பு வரை அளக்க வேண்டும். அன்னையார்க்கு அது 14½ அங்குலம். முழங்கால் வலி உள்ளோர்க்குச் சற்று உயர்ந்த இருக்கையே எழ எளிது. ஆதலின் 15 அங்குலமாக வைத்தேன். இருக்கை உயர்ந்தால் இராட்டையும் உயர வேண்டுமென்பதை நான் முதலில் மறந்தேன். அதற்கென ஒரு தாழ்ந்த மேடை பின்னர் செய்யலாயிற்று.

மேற்பலகை 18 அங்குல நீளம், 14 அங்குல அகலம். ஏழு அங்குலப் பலகைகள் இரண்டை ஒட்டியது. கால்கள் இரண்டு அங்குலச் சதுரம், 14 அங்குல நீளம். அவற்றை மேலே இணைக்கும் சட்டங்கள் மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலக் கனமும் உடையவை. இரு முனைக் கழுந்துகளையும் சேர்த்து நீளச் சட்டம் 14 அங்குலம், குறுஞ்சட்டம் 10 அங்குலம். சேதாரம் உள்பட அரைக் கன அடி மரம் போதும்.

கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியிருக்கலாம். என்னிடம் இருந்த உளி ⅜ அங்குலம். ஆகவே துளையும் கழுந்தும் அதே அளவு. உளியின் அளவுக்கே வேலையை அமைத்துக்கொண்டால் தொடங்குவோர்க்குப் பாதிச் சுமை குறையும். துளையை முதலில் வெட்டி, அதற்கேற்பக் கழுந்தை இழைத்துப் பொருத்த வேண்டும். மாற்றிச் செய்தால் தொல்லை. கழுந்து கைவிசையால் நுழைந்து, கொட்டாப்புளியின் ஓரிரு தட்டில் அமர வேண்டும். கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தால்தான் போகுமென்றால் கால் பிளக்கும். ஓர் அங்குல ஆழமுள்ள இரு துளைகள் காலினுள் ஒன்றையொன்று சந்திக்கும்; கழுந்துகளின் நுனிகளைச் சாய்வாக வெட்டிவிட்டால் இரண்டும் இடிக்காமல் அமரும். காலின் தலைப்பக்கத்தில் முக்கால் அங்குலம் துளையின்றி விடுவது அவசியம்.

மொட்டை உளி கூரிய உளியைவிட ஆபத்தானது. மொட்டையானது மரத்தில் இறங்காது. நாம் பலத்தைக் கூட்டுவோம். அது வழுக்கி விரலில் இறங்கும். நெசவாளருக்கு விரலில் ஒரு வெட்டு என்பது ஒரு வாரக் கூலி. ஆகவே சாணைக்கல்லில் நீர்விட்டு அடிக்கடி தீட்டுக. இரண்டு கைகளும் எப்போதும் உளியின் அலகுக்குப் பின்னாலேயே இருக்கட்டும். வேலைப்பொருளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் செதுக்கும் வழக்கம் அனுபவமுள்ள தச்சர்க்கே ஆகும், நமக்காகாது.

ஒட்டுவதற்கு முன்னாளில் வஜ்ஜிரத்தைக் காய்ச்சினர். பெவிகால் 1959இல் வந்தது. இன்று அத்தகைய வெள்ளைப் பசையே எங்கும் வழங்குகிறது. இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கருவி இல்லையென்று தயங்க வேண்டா. நான்கு கால்களையும் சுற்றி இரட்டைக் கயிறு கட்டி, அதனிடையே ஒரு குச்சியைச் செருகித் திருகினால் எந்தக் கருவிக்கும் குறையாது இறுகும். இறுக்கியவுடன் மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டும் சமமா என்று பார்த்துவிடுக. பசை காய்ந்தபின் பார்த்துப் பயனில்லை. மேற்பலகையைச் சட்டத்தோடு பசையால் ஒட்டலாகாது. அடியிலிருந்து திருகாணிகளால் மட்டும் பிணைத்து, சட்டத்தில் அவை நுழையும் துளைகளைச் சற்று நீளமாக்கிவிட்டால் பலகை தன் விருப்பம் போல் கூடிக் குறையும்.

உப்புத்தாள் தேய்ப்பில் நெசவாளர் இல்லத்துக்கென்று ஒரு தனிக் கவனம் உண்டு. ஓரங்களையும் முனைகளையும் உருட்டிவிட வேண்டும். ஒரு சிறு சிலாம்பு நின்றாலும் பாவு நூலையோ சேலையையோ பற்றி இழுத்துவிடும். தேய்க்கையில் மூக்கைத் துணியால் மூடிக்கொள்க. மரத்தூள் புற்று விளைவிக்கக்கூடியதென்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995இல் வகைப்படுத்தியுள்ளது. ஆளிவிதை எண்ணெய் பூசுவோர், துடைத்த கந்தலைச் சுருட்டி மூலையில் எறியலாகாது. அது தானே சூடேறித் தீப்பற்றும் இயல்புடையது. பஞ்சும் நூலும் உள்ள வீட்டில் இது விளையாட்டன்று. கந்தலை விரித்து வெளியே உலர்த்துக, அல்லது நீரில் இடுக. நான் அரக்கு மெருகு மட்டுமே பூசினேன்.

இத்தாலி நாட்டு வடிவமைப்பாளர் என்சோ மாரி என்பார் 1974இல், பலகையும் ஆணியும் மட்டும் கொண்டு எவரும் செய்யத்தக்க பத்தொன்பது மரச்சாமான்களின் வரைபடங்களை வெளியிட்டு, தபால் செலவு மட்டும் அனுப்பியவர்க்கெல்லாம் தந்தார். கையால் ஒருமுறை செய்து பார்த்தவர்க்கே விற்பனைப் பொருளின் தரத்தை எடைபோடத் தெரியும் என்பது அவர் கருத்து. நம் வேம்பில் துரப்பணமிடாது ஆணி அடித்தால் பிளக்கும் என்பதால் அவர் முறையை அப்படியே கொள்ளல் அரிது. எனினும் அவர் கருத்தில் உண்மை உண்டு. இப்போது நான் எந்தக் கடையில் நாற்காலியைக் கண்டாலும் முதலில் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்க்கிறேன். கடைக்காரர்கள் அதனை விரும்புவதில்லை.

கருவிகளுக்கு அதிகம் செலவிட வேண்டியதில்லை. ஒரு கைரம்பம், இரண்டு உளிகள், ஓர் இழைப்புளி, மூலைமட்டம், கொட்டாப்புளி, துரப்பணம், சாணைக்கல் ஆகியவை போதும். எங்கள் தெருவில் நான்கு குடும்பத்தார் சேர்ந்து ஒரு தொகுதி வாங்கி வைத்துள்ளோம். உளியைத் தீட்டாமல் திருப்பித் தருபவர்க்கு மறுமுறை கொடுப்பதில்லை என்பது எங்கள் ஒரே விதி.

இரண்டாம் முக்காலியில் முதலில் நான் ஒரு மாதம் அமர்ந்தேன். பங்குனியும் சித்திரையும் கழியும் வரை அன்னையார் அதனைத் தொடவில்லை. வைகாசியில் ஒருநாள் தறியிலிருந்து திரும்பிப் பார்த்தபோது, அவர் அதில் அமர்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தார். ஒன்றும் கேளாது இருந்துவிட்டேன். சென்ற கிழமை அவரே, "இதற்கு முதுகு சாய ஏதேனும் வைக்கலாகாதா?" என்றார். அதற்கான கட்டைகள் திண்ணையோரத்தில் அடுக்கிக் கிடக்கின்றன. நேற்று நிறுத்ததில் இன்னும் எடை இறங்கிக்கொண்டேயிருக்கிறது.