வளர்ப்புப் பிராணிகளும் கைபேசிக் குறிப்பேடும்

ஓர் இல்லத்தில் நான்கு வயது நாய் ஒன்று வளர்கிறது எனக் கொள்க. பந்து விளையாடுகையில் அதன் பல் வீட்டுச் சிறுவனின் கையிற் பட்டு இரத்தம் கசிகிறது. காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவியபின், சிறுவனை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கின்றனர். ‘நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி கடைசியாக எப்பொழுது போடப்பட்டது?’ என்று மருத்துவர் கேட்கிறார். ‘சென்ற தீபாவளிக்கு முன்பு’ என்கிறார் தந்தை; ‘அதற்கும் முந்திய ஆண்டு’ என்கிறார் தாய். தடுப்பூசி அட்டை எங்கே உள்ளதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவ்வில்லத்தில் நாயின்மீது அன்புக்குக் குறைவில்லை. குறிப்பு ஒன்றுதான் இல்லை.

இக்குறையை நீக்கும் கருவி இன்று பெரும்பாலோர் கையிலேயே இருக்கின்றது. கைபேசியில் இயங்கும் பிராணி பராமரிப்புச் செயலிகள் பல வழக்கில் வந்துள்ளன. பெயரும் தோற்றமும் வேறுபடினும் அவற்றின் அடிப்படை வேலை ஒன்றே: நடந்ததைக் குறித்து வைத்தல், நடக்க வேண்டியதை உரிய நாளில் நினைவூட்டல்.

நாள் ஏன் முக்கியம்?

நாய்க்குட்டி தாயின் சீம்பாலிலிருந்து நோயெதிர்ப் பொருள்களைப் பெறுகிறது. இவை குட்டியைக் காக்கின்றன. ஆனால் தடுப்பூசி மருந்தின் வேலையையும் தடுத்துவிடுகின்றன. இப்பாதுகாப்பு ஒவ்வொரு குட்டியிலும் வெவ்வேறு நாளில் குறைகிறது. ஆகவே டிஸ்டெம்பர், பார்வோ முதலிய நோய்களுக்கான ஊசியை 6 முதல் 8 வாரங்களில் தொடங்கி, 16 வாரம் நிறையும் வரை சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகின்றனர். வெறிநோய்த் தடுப்பூசி ஏறத்தாழ 3 மாத வயதில் போடப்படும். ஓராண்டு கழித்து மீண்டும் போடப்படும். அதன்பின் ஆண்டுதோறும் போடுவது நம் நாட்டில் பெருவழக்கு.

குடற்புழு நீக்கமும் இவ்வாறே. உருண்டைப் புழுக்கள் பிறப்பதற்கு முன்பே தாயிடமிருந்து குட்டிக்குச் செல்லக்கூடும். அவற்றின் முட்டைகள் மண்ணிற் கலந்து, அம்மண்ணில் விளையாடும் குழந்தைகளின் வாய்வழியே உட்சென்றால் கண்ணுக்கும் கேடு விளையலாம். எனவே, குட்டிப் பருவத்தில் அடுத்தடுத்தும் பின்னர் மருத்துவர் கூறும் இடைவெளியிலும் மருந்து கொடுத்தல் வேண்டும். இத்தனை நாள்களையும் மனத்திலே வைத்திருத்தல் எவர்க்கும் அரிது.

செயலியின் பணி

பிராணியின் பிறந்த நாள், இனம், எடை, போட்ட ஊசி, அதன் நாள் ஆகியவற்றைப் பதிந்தால், செயலி அடுத்த தவணையைக் காட்டி முன்கூட்டியே ஒலியெழுப்பும். ஊசிமருந்துப் புட்டியின் சீட்டையும் மருத்துவர் கையொப்பமிட்ட அட்டையையும் புகைப்படம் எடுத்துச் சேர்த்து வைத்தல் நன்று. டில்லி, சென்னை போன்ற மாநகராட்சிகளில் வளர்ப்பு நாயைப் பதிவு செய்வதற்கும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று தேவைப்படுகிறது.

எடையை மாதம் ஒருமுறை பதிந்து வருவது மற்றொரு நன்மை. 5 கிலோ எடையுள்ள பூனை அரைக் கிலோ இழப்பது, 60 கிலோ எடையுள்ள மனிதர் 6 கிலோ இழப்பதற்கு ஒப்பாகும். அடர்ந்த ரோமத்தின் கீழ் இவ்விழப்பு கண்ணுக்குத் தெரியாது. வரிசையாக எழுதிய எண்களில் உடனே தெரியும். உறங்கும் நாயின் அல்லது பூனையின் மூச்சையும் இவ்வாறு எண்ணிப் பதியலாம். அது நிமிடத்திற்கு 30-க்குக் குறைவாக இருத்தல் இயல்பு. தொடர்ந்து அதற்கு மேற்படின், இருதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு இருக்கக்கூடுமாதலால் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

செயலியால் ஆகாதவை

குறிப்பேடு மருத்துவர் ஆகாது. வாந்தி என்னும் ஓர் அறிகுறி உணவுக் கோளாறாலும் வரலாம், பார்வோ நோயாலும் வரலாம், விழுங்கிய துணியாலும் வரலாம். தொட்டுப் பார்த்தும் சோதித்தும் அறியவேண்டியதைக் கைபேசித் திரையின் கேள்விகளால் முடிவு செய்தல் தவறு. மனிதர்க்குரிய மருந்தைப் பிராணிக்குத் தருவது அதனினும் ஆபத்தானது. பாரசிட்டமால் மாத்திரையை முறிக்கும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. அதனால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து, பூனை உயிரிழக்க நேரும்.

தோலின் கீழ் பொருத்தப்படும் 15 இலக்க அடையாளச் சில்லைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. அது பிராணி இருக்குமிடத்தைக் காட்டுவதில்லை. அதற்கு மின்கலம் கிடையாது. தனிப்பட்ட கருவியை அருகில் கொண்டுசென்றால் மட்டுமே எண்ணைத் தெரிவிக்கும். சாதாரணக் கைபேசியால் அதனைப் படிக்க இயலாது. ஆயினும் அவ்வெண்ணைச் செயலியில் எழுதி வைத்தல் பயன் தரும்.

கைபேசி தொலையலாம், பழுதாகலாம். ஆதலின் பதிவின் நகலை வேறிடத்திலும் சேமித்து, காகித அட்டையையும் காத்தல் அறிவுடைமை. பிராணியின் பராமரிப்புக்குத் தொடர்பில்லாத தகவல்களைக் கேட்கும் செயலியைத் தவிர்ப்பதே நலம்.

ஊழியரும் ஆசிரியரும்

கால்நடைத் துறை ஊழியர்களுக்கு இம்முறை புதிதன்று. மாடுகளுக்கு 12 இலக்கக் காதுவில்லை இட்டு, அவ்வெண்ணின்கீழ் தடுப்பூசியையும் சினையூட்டலையும் பாரத் பசுதன் என்னும் மின்பதிவில் அவர்கள் பதிந்து வருகின்றனர். அதே ஒழுங்கை வீட்டு நாய்க்கும் பூனைக்கும் கொண்டுவருமாறு உரிமையாளர்களுக்கு எடுத்துரைக்கலாம். தடுப்பூசி போடும் இடத்திலேயே அடுத்த தவணை நாளைக் கைபேசியிற் பதியச் செய்தால் பாதி வேலை முடிந்தது.

பள்ளியில் கைபேசி தேவையில்லை. பிராணியின் பெயர், பிறந்த நாள், போட்ட ஊசி, போட்ட நாள், அடுத்த நாள் என ஐந்து கட்டங்கள் வரைந்த ஒரு தாளே போதும். உலக வெறிநோய் நாளாகிய செப்டம்பர் 28 அன்று மாணவர்கள் தத்தம் வீட்டில் விசாரித்து இதனை நிரப்பலாம். நிரப்ப இயலாத கட்டமே அவ்வீட்டின் பணியைச் சுட்டிக்காட்டும்.

நாய்களால் பரவும் வெறிநோயை 2030-க்குள் ஒழிப்பதற்கான தேசியச் செயல்திட்டம் 2021-இல் வெளியிடப்பட்டது. ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 சதவீதத்திற்கேனும் தடுப்பூசி போட்டு, அந்நிலையைக் குறையாது காத்து வந்தால் நோயின் சங்கிலி அறுபடும். அறிகுறி தோன்றியபின் வெறிநோயிலிருந்து மீள்வது ஏறக்குறைய இயலாததாகும். ஆகையால் நாய்க்கு ஊசி போட்ட குறிப்பு கையில் இருப்பினும், கடிபட்டவர் மருத்துவரிடம் செல்வதை ஒத்திப்போடலாகாது. அக்குறிப்பின் உண்மையான பயன் கடிக்குப் பின்னர் அன்று, கடிக்கு முன்னரே: தவணை தவறாத நாயினால் அவ்வில்லத்திற்கு இந்நோய் வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு.