சூரியசக்தி பம்பு செட்: மானியத்துக்கு முன் கணக்கு

டீசல் எஞ்சின் கொண்டு நீர் இறைக்கும் சிறு விவசாயிகளுக்கு எண்ணெய்ச் செலவு பெருஞ்சுமையாகும். இதைக் குறைக்கும் பொருட்டு மத்திய அரசு 2019-ம் ஆண்டில் பிரதம மந்திரி குசும் திட்டத்தைத் தொடங்கியது. மின் இணைப்பு எட்டாத நிலங்களில் 7.5 குதிரைத்திறன் வரையிலான சூரியசக்தி பம்பு செட்டுகளுக்கு மத்திய அரசு 30 சதவீதமும், மாநில அரசு குறைந்தது 30 சதவீதமும் மானியம் அளிக்க இத்திட்டம் வகை செய்தது.

விவசாயியின் பங்கு

அனுமதிக்கப்பட்ட விலை 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 60 சதவீத மானியம் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். எஞ்சிய 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் விவசாயியின் பங்கு. இதில் 90 ஆயிரம் வரை வங்கிக் கடன் பெறத் திட்டத்தில் இடமுண்டு. ஆனால் கடன் வேறு, மானியம் வேறு. ஆண்டுக்கு 20 ஆயிரம் ரூபாய்க்கு டீசல் வாங்குபவர், தம் பங்கை 6 ஆண்டுகளில் மீட்டுவிடலாம். வட்டி சேர்ந்தால் இன்னும் சிறிது காலம் ஆகும். போகத்துக்குச் சில தடவை மட்டும் இறைப்பவருக்கு இது கட்டுப்படியாகாது.

எத்தனை குதிரைத்திறன்?

மானியம் உண்டென்று பெரிய பம்பை வாங்கக் கூடாது. 3 குதிரைத்திறனுக்கு 3,000 வாட் தகடுகள் போதும். 5 குதிரைத்திறனுக்கு 4,800 வாட் தேவை. பங்குத் தொகையும் கூடும். கிணற்றின் ஊற்று கூடாது. கோடையில் நீர்மட்டம் எவ்வளவு ஆழம், ஊற்று எவ்வளவு என்று அளந்த பின்னரே திறனை முடிவு செய்க. ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் கட்ட ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர் தேவை. சொட்டுநீர்ப் பாசனம் இருந்தால் சிறிய பம்பே போதுமானது.

கவனிக்க வேண்டியவை

* தகடுகள் தெற்கு நோக்கி இருக்க வேண்டும். தென்னை நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலும் நீர் குறையும்.
* தூசியை அதிகாலையில் நீரால் கழுவவும்.
* ஐந்தாண்டுப் பராமரிப்பு, பம்பு நிறுவும் நிறுவனத்தின் பொறுப்பு. அதை எழுத்தில் பெறவும்.
* இலவச மின்சாரத்துக்குப் பதிவு செய்திருப்போர், தம் பதிவு மூப்பு என்னவாகும் என்று கேட்டுத் தெளிந்த பின்னரே கையொப்பமிடவும்.
* குசும் பெயரில் போலி இணையதளங்கள் உலவுகின்றன. இடைத்தரகரிடம் முன்பணம் கட்ட வேண்டாம்.

மானிய விகிதமும் ஒதுக்கீடும் அவ்வப்போது மாறக்கூடியவை. எனவே சிட்டா, சிறு குறு விவசாயி சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றுடன் வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளரை அணுகி, நடப்பு விவரம் அறிந்து பயன் பெறலாம்.