இரண்டு ஆண்டு அனுபவம், யார் செலவில்?

முதல் வேலை – 9

நான்காண்டு பிஎஸ்சி நர்சிங்கோ மூன்றாண்டு ஜிஎன்எம் படிப்போ முடித்து, மாநில நர்சிங் கவுன்சிலில் பெயரையும் பதிந்துகொண்டு வேலை தேடக் கிளம்பும் ஒருவருக்கு முதல் வாரத்திலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. ஆஸ்பத்திரிகளில் நர்ஸுக்குப் பஞ்சம் என்று ஊரே சொல்கிறது. நேர்காணலுக்குப் போனால் “எக்ஸ்பீரியன்ஸ் எத்தனை வருஷம்?” என்பதே முதல் கேள்வி. இல்லை என்றதும் சம்பளப் பேச்சு கீழே இறங்கிவிடுகிறது. சென்ற வாரம் இளம் வழக்கறிஞர்களைப் பற்றிப் பார்த்தோம். சீனியரிடம் சேர்ந்த ஜூனியர் முதல் சில ஆண்டுகளைக் கைக்காசில் தள்ளுவது அங்கே வழக்கம்; ஆனால் அவர் பின்னால் நின்று, பார்த்துக் கற்கலாம். புதிய செவிலியருக்கு அந்த வசதி இல்லை. சேர்ந்த சில நாட்களில் டியூட்டி பட்டியலில் பெயர் ஏறிவிடும். அவர் போடும் ஊசியும் ஏற்றும் டிரிப்பும் நோயாளியின் பில்லில் முழு விலைக்குத்தான் வருகின்றன. வேலை முழுமையானது, சம்பளம் மட்டும் பயிற்சியாளருக்கு உரியது. இந்த வித்தியாசத்தை அவர் எதற்காக ஏற்றுக்கொள்கிறார்? இரண்டு ஆண்டு கழித்துக் கிடைக்கும் அனுபவச் சான்றிதழுக்காக. அவருடைய ஊதியத்தின் பெரும்பகுதி அந்தத் தாளில்தான் இருக்கிறது. அப்படியானால் முதல் வேலையைத் தேடுபவர் சம்பளத்தையும் ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகையையும் பார்ப்பதற்கு முன்னால் அந்தத் தாள் எவ்வளவு பெறும் என்று பார்க்க வேண்டும் என்பதே இந்த வாரம் நான் சொல்ல வருவது. அந்தத் தாளுக்கு அவரே விலை கொடுக்கும்படி விட்டிருப்பது நியாயமில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அனுபவம் கேட்பதில் நியாயமே இல்லை என்று வாதிட முடியாது. அமெரிக்காவில் மார்லீன் கிரேமர் 1974-இல் எழுதிய நூல், கல்லூரியில் கற்ற நர்சிங்குக்கும் வார்டில் நடக்கும் நர்சிங்குக்கும் நடுவே புதியவர் படும் அதிர்ச்சியைப் பற்றியது. பத்து ஆண்டுகள் கழித்து, 1984-இல், பேட்ரிசியா பென்னர் ஒரு செவிலியரின் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்தார். அதில் நடுப்படியான ‘தகுதி பெற்றவர்’ என்ற நிலைக்கு வர, ஒரே வகையான பணியில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்றார். ஆஸ்பத்திரிகள் கேட்கும் இரண்டு ஆண்டுக்கு இந்த அளவில் ஆதாரம் உண்டு. ஆனால் ‘ஒரே வகையான பணியில்’ என்ற நிபந்தனையை நம் ஊரில் யாரும் கண்டுகொள்வதில்லை. இன்று குழந்தைகள் வார்டு, நாளை டயாலிசிஸ், ஆள் வராத அன்று பில்லிங் கவுன்ட்டர் என்று ஓடிய இரண்டு ஆண்டுக்கும், ஒரே ஐசியுவில் நின்ற இரண்டு ஆண்டுக்கும் சான்றிதழில் ஒரே வரிதான் எழுதித் தருகிறார்கள். அடுத்த வேலைக்கான நேர்காணலில் நர்சிங் சூப்பிரண்டு இரண்டு கேள்வி கேட்டால் போதும், வித்தியாசம் தெரிந்துவிடும்.

படிப்பிலேயே இந்தக் குறை ஏன் தீர்வதில்லை? பாடத்திட்டத்தில் மருத்துவமனைப் பயிற்சிக்கான மணிக்கணக்கு தாராளமாகவே இருக்கிறது. சொந்த மருத்துவமனையில் நோயாளிகள் நிறைந்திருக்கும் கல்லூரியில் அந்த மணிகள் உண்மையான மணிகள். படுக்கைகள் காலியாகக் கிடக்கும் கல்லூரியின் மாணவிகள் பஸ்ஸில் அரசு மருத்துவமனைக்குப் போய், பல கல்லூரிக் கூட்டத்தில் ஒருவராக, ஒரே நோயாளியின் கேஸ் ஷீட்டைச் சுற்றி நின்று எழுதிக்கொள்கிறார்கள். லாக் புத்தகத்தில் எண்ணிக்கை நிறைந்துவிடும், கை பழகியிருக்காது. ஆகவே புதியவரை அப்படியே வார்டில் விட முடியாது என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்னால் அதில் உண்மை இருக்கிறது. இந்தக் குறைக்கு ஈடு கட்டுவது யார் என்பதுதான் கேள்வி. அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் புதிய பட்டதாரிகளுக்கென்று ஓராண்டு ‘ரெசிடென்சி’ உண்டு. கல்லூரிகளும் மருத்துவமனைகளும் கூடி 2002-இல் அதற்கு ஒரு பொது வடிவம் கொடுத்தன. பிரிட்டனில் புதியவருக்குப் பக்கத்திலேயே மூத்த செவிலியர் ஒருவரை வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. இரண்டு இடத்திலும் அவர் முறையான ஊழியர். கற்றுக்கொடுப்பது வேலை கொடுத்தவரின் பொறுப்பு. நம் நாட்டிலும் என்ஏபிஎச் தரச்சான்று வாங்கும் மருத்துவமனைகள் புதிய ஊழியருக்கு அறிமுகப் பயிற்சி கொடுத்தாக வேண்டும். காகிதத்தில் கொடுத்தும் இருப்பார்கள்.

இதற்கு நிர்வாகங்கள் தரும் மறுமொழி எல்லோருக்கும் தெரிந்ததே: “நாங்கள் சொல்லிக்கொடுத்து ஆளாக்குகிறோம், இரண்டு வருஷத்தில் சவுதிக்கோ லண்டனுக்கோ பறந்துவிடுகிறார்கள், பிறகு ஏன் செலவழிக்க வேண்டும்?” போகிறார்கள், உண்மை. ஆனால் எதனால் போகிறார்கள் என்பதற்கும் ஆவணம் இருக்கிறது. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் சம்பளமும் பணிச்சூழலும் மோசம் என்று தொடரப்பட்ட வழக்கில், நிபுணர் குழு அமைக்கும்படி 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அந்தக் குழுவின் பரிந்துரை தெளிவானது. 200 படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனை, மாநில அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம் தர வேண்டும். 100 முதல் 200 படுக்கை வரை அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை 25 சதவீதம். 50-க்குக் கீழ் உள்ள இடத்தில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. பரிந்துரை என்பதால் அது மாநிலங்களின் மேசைகளுக்குப் போய்ச் சேர்ந்ததோடு சரி. கேரளத்தில் செவிலியர் சங்கம் தெருவில் இறங்கிய பிறகு, 2018 ஏப்ரலில் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளமாக அறிவித்து அரசு ஆணை வந்தது. அங்கே ஆஸ்பத்திரிகள் இழுத்து மூடப்பட்டுவிடவில்லை. கட்டுப்படியாகாது என்ற வாதத்துக்கு அண்டை மாநிலமே பதில்.

ஆளைத் தக்கவைக்கச் சம்பளத்தைக் கூட்டுவதற்குப் பதில் இன்னொரு வழியை எடுத்தவர்கள் இருக்கிறார்கள்: பத்திரம் எழுதி வாங்குவது, ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடித்து வைப்பது. பணிபுரியும் கடமை என்பதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். வேலூர் சிஎம்சியில் திருச்சபைகளின் பரிந்துரையில் சேரும் மாணவர்கள், படிப்பு முடிந்ததும் தேவையுள்ள மிஷன் மருத்துவமனைகளில் இரண்டு ஆண்டு பணிபுரிய வேண்டும். படிப்பில் அவர்களுக்குக் கிடைத்த சலுகைக்கு அது கைமாறு, சேரும்போதே தெரிந்த நிபந்தனை. எதையும் செலவழிக்காத ஒரு நிர்வாகம் பட்டச் சான்றிதழை லாக்கரில் பூட்டுவது வேறு விஷயம். கல்விச் சான்றிதழ் விற்பனைச் சரக்கு அல்ல, அதைப் பிணையாக வைத்துக்கொள்ள முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சரிபார்த்துவிட்டு நகலை வைத்துக்கொள்ளட்டும். அசலை விடமாட்டேன் என்கிற இடத்தில் சேராமல் இருப்பதே மேல்.

“தனியார் வேலையே வேண்டாம், வீட்டிலிருந்து அரசுத் தேர்வுக்குப் படிக்கட்டும்” என்பது பெற்றோர் பலரின் யோசனை. பட்டதாரிகளுக்கு இதில் ஒரு நல்ல வாசல் இருக்கிறது. எய்ம்ஸ் நிறுவனங்களுக்கான நார்செட் தேர்வை பிஎஸ்சி முடித்தவர் அனுபவம் இல்லாமலே எழுதலாம். ஜிஎன்எம் படித்தவரிடம்தான் 50 படுக்கையாவது உள்ள மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். (ஆண்களுக்கு ஒதுக்கியிருப்பது 20 சதவீத இடங்கள் என்பதையும் படிக்கத் தொடங்கும் முன்பே அறிந்துகொள்வது நல்லது.) தமிழக அரசு வேலை வேறு கதை. 2012-இல் தொடங்கிய மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி எடுத்தவர்களையும் நேரடியாகக் காலமுறை ஊதியத்தில் அமர்த்தவில்லை. 2015-இல் ஆயிரக்கணக்கானோர் இரண்டு ஆண்டில் பணி நிரந்தரம் என்ற பேச்சோடு 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தபோதும் அதே 7,700தான். கொரோனா காலத்தில் எடுக்கப்பட்டவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடித்துவைக்கப்பட்டது. தனியாருக்குச் சம்பள ஒழுங்கு சொல்லித்தர வேண்டிய அரசே இப்படி நடந்துகொண்டால், பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமை என்ன சொல்வது? அறிவிக்கை எப்போது வரும் என்று காத்திருந்து வீட்டில் கழிக்கும் ஆண்டுகள் எந்தச் சான்றிதழிலும் ஏறாது; கை பழக்கமும் போய்விடும். வேலையில் இருந்துகொண்டே படிப்பது கடினம், அதிலும் நைட் டியூட்டி மாதங்களில் மிகக் கடினம். இருந்தும் அதுவே உசிதம் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் பெறுமானமுள்ள தாள் எது? முதலில் படுக்கை எண்ணிக்கை. நார்செட் கேட்கும் 50 என்ற கோட்டுக்குக் கீழே இருக்கும் இடத்தில் ஜிஎன்எம் படித்தவர் பத்தாண்டு உழைத்தாலும் அந்தத் தேர்வுக்கு உதவாது. அடுத்தது எந்த வார்டு என்பது. வளைகுடாவிலும் பிரிட்டனிலும் ஆள் எடுக்கும் மருத்துவமனைகள் பிரிவின் பெயரைச் சொல்லியே கேட்கின்றன: ஐசியு, ஆபரேஷன் தியேட்டர், எமர்ஜென்சி, டயாலிசிஸ். எந்த வார்டில் எத்தனை மாதம் என்று பணி நியமன ஆணையிலோ பிறகு சான்றிதழிலோ எழுதித் தருவார்களா என்று சேரும் முன்பே கேட்டுவிடலாம். கேட்பதால் வேலை போய்விடாது. நைட் டியூட்டியில் ஒருவருக்கு எத்தனை நோயாளிகள் என்றும் கேட்க வேண்டும். ஐசியுவில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். அதிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கிறார்கள் என்பது, அங்கே கற்றுக்கொடுக்க யாருக்காவது நேரம் இருக்குமா என்பதையும் சொல்லிவிடும்.

பலர் கவனிக்காத ஒன்று வருங்கால வைப்பு நிதி. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்கு பிஎஃப் சட்டம் பொருந்தும். கைக்கு வரும் தொகை குறையுமே என்று அதை வேண்டாம் என்பவர்கள் உண்டு. ஆள் கணக்கைக் குறைத்துக் காட்டும் நிர்வாகத்துக்கு அது வசதி. வெளிநாட்டு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கும்போது டேட்டாஃப்ளோ போன்ற சரிபார்ப்பு நிறுவனங்கள் பழைய மருத்துவமனையிடமே நேரடியாகக் கேட்டு உறுதிசெய்கின்றன. அதற்குள் அந்த ஆஸ்பத்திரி கைமாறியிருக்கலாம், மூடியிருக்கலாம், சண்டை போட்டு வெளியே வந்த ஊழியரைத் தெரியாது என்றும் சொல்லலாம். அப்போது மாதந்தோறும் பிஎஃப் கணக்கில் ஏறிய தொகையும் வங்கி வழியாக வந்த சம்பளமும்தான் சாட்சி. ரொக்கமாகக் கவரில் போட்டுத் தரும் சம்பளம் இரண்டாயிரம் கூடுதலாக இருந்தாலும் நஷ்டக் கணக்குதான்.

சுரண்டலை எதிர்க்கச் சொல்லாமல், அதற்குள் சாமர்த்தியமாகப் பிழைக்கச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஒரு குற்றச்சாட்டு வரலாம். வரவேண்டிய குற்றச்சாட்டுதான். ஆனால் கல்விக்கடன் தவணை தொடங்கிவிட்ட இருபத்திரண்டு வயதுக்காரரிடம் சட்டம் திருந்தும்வரை பொறுத்திரு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேலும், நியமன ஆணை, பிஎஃப், வார்டு குறித்த சான்றிதழ் இவற்றைப் புதியவர்கள் எல்லோரும் கேட்கத் தொடங்கினால், அதுவே நிர்வாகங்கள் மீது ஒரு நெருக்கடி. எழுத்தில் எதுவும் இல்லாதவர் குறைந்தபட்ச ஊதியம் கேட்டுத் தொழிலாளர் துறையிடம் போவதுகூடச் சிரமம். தமிழ்நாட்டில் மருத்துவமனைகளும் நர்சிங் ஹோம்களும் பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் பட்டியலிலேயே இருந்தன.

நேராக வெளிநாடு போய்விடலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அனுபவம் இல்லாதவரைக் குறிவைத்துத்தான் போலிச் சான்றிதழும் சேர்த்து விற்கும் தரகர்கள் வருகிறார்கள். குவைத் உள்ளிட்ட குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செவிலியரை அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே அனுப்ப வேண்டும் என்று 2015-இல் மத்திய அரசு விதி போட்டதே, தரகர்கள் லட்சக்கணக்கில் வாங்கியது வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான். தமிழ்நாட்டில் 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. ஜெர்மனி போக நினைப்பவர் பி2 நிலை வரை ஜெர்மன் படித்தாக வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் உழைப்பு தேவை. முதல் வேலையில் இருக்கும் காலத்திலேயே அதைத் தொடங்குவது புத்திசாலித்தனம்.

தமிழக அரசு இதில் செய்யக்கூடியது பெரிய காரியமும் அல்ல. கேரளம் 2018-இல் செய்ததை இங்கேயும் செய்து, 2016-ஆம் ஆண்டுக் குழுவின் சம்பள விகிதத்தை ஆணையாக்கலாம். புதியவரின் முதல் ஆறு மாதத்தை மூத்த செவிலியரின் பொறுப்பில் விட வேண்டும் என்பதை மருத்துவமனை உரிமத்துக்கு நிபந்தனையாக்கலாம். தன் ஒப்பந்தச் செவிலியரை நிரந்தரமாக்குவதிலிருந்து தொடங்கினால் மற்றவர்களைக் கேட்கும் தகுதியும் வரும். அதுவரை, இந்த மாதம் வேலையில் சேரப்போகிறவர்கள் ஒன்றை மட்டும் தவறாமல் செய்யுங்கள்: நியமன ஆணையைக் கையில் வாங்காமல் முதல் டியூட்டிக்குப் போகாதீர்கள்.